இரண்டு விரற்கடை நகர்ந்த பந்து

லிஃப்ட் இன்ஸ்பெக்டருக்கு நாற்பத்தெட்டாவது வயதில் சர்க்கரை வந்தது. ஓடாத லிஃப்டுகளைப் பார்க்கப் போய்ப் படியேறுவதே தன் பிழைப்பு, அதற்கு மேல் உடற்பயிற்சி எதற்கு என்று அதுவரை இருந்துவிட்டவர். நகரத்து லிஃப்டுகளைச் சோதித்து, கயிறு, பிரேக், கதவு மூன்றும் சரி என்று கையெழுத்துப் போடுவது அவர் உத்தியோகம். இருபத்திரண்டு வருடத்தில் கண்ணால் பார்க்காத கயிற்றுக்கு அவர் கையெழுத்துப் போட்டதில்லை. பதவி உயர்வும் வந்ததில்லை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று மேலதிகாரிகள் சொன்னதை நம்பிக்கொண்டிருந்தார்.

சர்க்கரை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, தினமும் ஆறு கிலோமீட்டர் நடக்கச் சொன்னார். சும்மா நடந்தால் நாலே நாளில் சலித்துப்போகும், கோல்ஃப் ஆடினால் நடப்பதே தெரியாது என்றும் சொன்னார். மருந்துச் சீட்டில் இரண்டு மாத்திரைகளுக்குக் கீழே, ‘கோல்ஃப் – வாரம் ஒரு வேளை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவர் கோல்ஃப் கிளப்பின் கமிட்டி உறுப்பினர் என்பது இன்ஸ்பெக்டருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

மனைவி கணக்கு டீச்சர். சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, “நடக்கிறதுக்கு எதுக்குங்க மட்டை?” என்று கேட்டார். பதில் தெரியாததால் இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே போய்க் கிளப்பில் சேர்ந்துவிட்டார்.

சேர்வதற்கு ஒரு நேர்காணல் இருந்தது. இன்ஸ்பெக்டர் என்றதும் மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்த மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டார். என்ன இன்ஸ்பெக்டர் என்று கேட்டு, லிஃப்ட் என்று தெரிந்ததும் மூன்று பேரும் பழையபடி சாய்ந்துகொண்டார்கள். நடுவில் இருந்தவரை எல்லாரும் கேப்டன் என்றார்கள். அவர் கப்பலிலும் இருந்ததில்லை, பட்டாளத்திலும் இருந்ததில்லை. குளியலறை டைல்ஸ் வியாபாரம். புதிதாக வருகிறவர்களுக்கென்று அவர் வைத்திருந்த உரையை அன்றும் நிகழ்த்தினார்.

“மத்த ஆட்டத்துலயெல்லாம் நடுவர் இருப்பார். ஏன்னா ஆடறவனை நம்ப முடியாது. இங்க நடுவரே கிடையாது. தப்புப் பண்ணினா நாமளே சொல்லி, நாமளே அடியைக் கூட்டிக்கணும். இது நேர்மையோட ஆட்டம். கிளப் ஆரம்பிச்சு எழுபது வருஷமாச்சு. இன்னி வரைக்கும் ஒருத்தர்கூட தப்புப் பண்ணினதா சொன்னதில்ல.”

இன்ஸ்பெக்டருக்கு உடம்பு சிலிர்த்தது. கடைசி வாக்கியத்தை அவர் அப்போது சரியாக வாங்கிக்கொள்ளவில்லை.

மட்டை வாங்குவது, மூக்குக்கண்ணாடி வாங்குவதைவிடச் சிக்கலாக இருந்தது. கிளப் கடையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் அவரைச் செருப்பில்லாமல் நிற்க வைத்து, மணிக்கட்டிலிருந்து தரை வரைக்கும் அளந்தார். உள்ளங்கையை அளந்தார். எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவீர்கள் என்று கேட்டு அதையும் குறித்துக்கொண்டார். கடைசியில் பதினாலு மட்டைகளை வரிசையாக வைத்தார். எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது என்றதற்கு, “பந்துக்கு வித்தியாசம் தெரியும் சார்” என்றார். கையுறை இடது கைக்கு மட்டும் கொடுத்தார். வலது கைக்கு எங்கே என்று கேட்டதும், சபையில் சொல்லக் கூடாததைக் கேட்டுவிட்டவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஷூ ஒரு அளவு பெரியதாக இருக்க வேண்டுமாம். வெயிலில் கால் விரியும் என்றார்.

கோச் இரண்டு மாதம் பந்தையே கண்ணில் காட்டவில்லை. கண்ணாடி முன்னால் நிற்க வைத்தார். தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை உருவுகிற மாதிரி மட்டையைப் பிடிக்க வேண்டும் என்றார். “சாவி தொலைஞ்ச மாதிரி குனியாதீங்க. சாவி கிடைச்ச மாதிரி குனிங்க” என்றார். இன்ஸ்பெக்டர் சோதனைக்குப் போன கட்டடங்களின் மோட்டார் அறைகளில் சாவி கிடைத்த மாதிரி குனிந்து பழகினார். முழங்கை, மோவாய், வலது முட்டி, மூச்சு என்று மொத்தம் இருபத்துமூன்று விஷயங்களை ஒரே நேரத்தில் நினைவில் வைக்க வேண்டியிருந்தது. இருபத்திரண்டு நினைவிருக்கும். அன்றைக்குத் தப்பாவது அந்த மீதி ஒன்றாகத்தான் இருக்கும்.

மூன்றாம் மாதம் முதல் பந்தை அடித்தார். பந்து இருந்த இடத்தில் இருக்க, உள்ளங்கையகலப் புல் பறந்து போய் விழுந்தது. கோச் கைதட்டி, பந்தின் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று பாராட்டினார். பெயர்ந்த புல்லுக்கு ஒரு படிவம் இருந்தது. காயத்தின் நீளம், அகலம், ஆழம், புல்லிடம் வருத்தம் தெரிவிக்கப்பட்டதா, ஆம் என்றால் எந்த வார்த்தைகளில். மூன்று பிரதிகள் எழுதித் தர வேண்டும். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு முறையும் உண்மையாகவே வருத்தம் தெரிவித்துவிட்டுத்தான் எழுதினார்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் புதுமுகம் என்று பெயர். புதுமுகங்கள் செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரைதான் ஆடலாம். ஞாயிற்றுக்கிழமை காலை முழு உறுப்பினர்களுக்கு. அந்தச் செவ்வாய்க்கிழமை வெயிலில் இன்ஸ்பெக்டருக்குத் துணை ஒரே ஒரு அம்மாள். ஊரில் அவரை மாட்டு டாக்டரம்மா என்பார்கள். அவருடைய ஆஸ்பத்திரியில் ஒரு மாடும் காலெடுத்து வைத்ததில்லை. எல்லாம் பூனையும் நாயும்தான். ஆறு வருடமாகப் புதுமுகமாக இருந்தார். ஐம்பத்தாறு வயது.

நடந்துகொண்டே அந்த அம்மாள் சொன்னதிலிருந்து இன்ஸ்பெக்டர் தெரிந்துகொண்டது இது. வீட்டுக்காரர் முன்பு வேறொரு ஊரில் நன்றாக ஆடியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மெதுவாக வரும். காலையில் தெளிவாக இருப்பார், வெயில் ஏற ஏறத் தலை கனத்துவிடும். புல்வெளியைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. முழு உறுப்பினர் மட்டும் ஞாயிறு காலையில் வீட்டார் ஒருவரை அழைத்துவரலாம். புதுமுகக் கோப்பையை ஜெயித்தால் முழு உறுப்பினர் ஆகலாம், வருடத்துக்கு ஒருவர். இந்த அம்மாள் ஐந்து தடவை இரண்டாவதாக வந்திருக்கிறார்.

“ஒன்பதாவது குழிக்கிட்ட நல்ல நிழல் இருக்கு. அங்க ஒரு மணி நேரம் உக்கார வெச்சாப் போதும்” என்றார். புகார் சொல்கிற குரல் இல்லை. ஊசி எங்கே போட வேண்டும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

கோப்பைக்கான ஆட்டம் வந்தது. பதினெட்டுக் குழி. குறைந்த அடியில் முடிப்பவர் ஜெயித்தவர். தன் அடியைத் தானே எண்ணி அட்டையில் எழுத வேண்டும். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு அடியையும் வாய்விட்டு எண்ணினார். பதினேழாவது குழியில் பந்து மரங்களுக்குள் போயிற்று. தேடிக்கொண்டு தனியாகப் போனார். ஒரு வேரை ஒட்டிப் பந்து கிடந்தது. அந்த நிலையில் அதை அடிக்கவே முடியாது. எப்படி நிற்கலாம் என்று காலை வைத்துப் பார்த்தபோது, அந்தப் பெரிய ஷூவின் முனை பட்டது. பந்து வேரைவிட்டு இரண்டு விரற்கடை நகர்ந்து நின்றது.

விதி அவருக்கு மனப்பாடம். பந்தைப் பழைய இடத்தில் வைத்து, கணக்கில் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். வைக்காமல் அடித்தால் இரண்டு கூட்ட வேண்டும். இருபத்திரண்டு வருடமாகக் கயிற்றைப் பார்த்த கண், அன்றைக்கு யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தது. யாரும் இல்லை. அடித்தார். அவர் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு அடி விழுந்ததில்லை. பந்து மரங்களுக்கு மேலே எழும்பி நேராகப் போய்க் குழிக்குப் பக்கத்தில் விழுந்தது. வெளியே வந்து, “தொண்ணூத்தஞ்சு” என்று வாய்விட்டு எண்ணினார்.

அவருக்கு நூற்றுமூன்று. டாக்டரம்மாவுக்கு நூற்றுநான்கு.

டாக்டரம்மா கை கொடுத்தார். “இந்த வருஷம் சரியான ஆள்கிட்டதான் தோத்திருக்கேன். நீங்க சத்தமா எண்ணினதைக் கேட்டுக்கிட்டேதான் வந்தேன்” என்றார்.

கோப்பை வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்தது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அதில் அவர் முகம் அகலமாகத் தெரிந்தது. இரண்டாவது நாள் கோப்பையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். கோப்பைக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதான் என்பதால் பயனில்லை. ஆபீசில் ஒரு கயிற்றை மூன்று தடவை பார்த்தார். முன்பு பரவாயில்லை என்று விட்டிருக்கக்கூடியதை எல்லாம் ஓடக் கூடாது என்று எழுதினார். ஒரே வாரத்தில் ஐந்து லிஃப்டுகள் நின்றன. நகரத்தில் பல பேர் காரணம் தெரியாமல் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் பார்த்துவிட்டு மனைவி கேட்டார். சொல்லிவிட்டார். போய்ச் சொல்லிவிடுங்கள் என்றார் மனைவி. மூன்று நாள் கழித்து, சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். கமிட்டிக்கு விவரமாக எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றார் இன்ஸ்பெக்டர்.

“கமிட்டிக்கா? அந்தம்மாகிட்ட?”

“அதுக்குன்னு ஒரு முறை இருக்கில்ல.”

மனைவி பரீட்சைத் தாள் திருத்தப் போய்விட்டார்.

கடிதத்தைக் கிளப் செயலாளர் விரல் நுனியால் பிடித்திருந்தார். இன்ஸ்பெக்டரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தார். பிறகு அலமாரியிலிருந்து ‘தவறுகள் பதிவேடு’ என்று பொன்னெழுத்தில் போட்ட கனமான நோட்டை எடுத்துத் திறந்து காட்டினார். எழுபது வருடத்துத் தாள், ஒரு எழுத்தில்லாமல் வெள்ளையாக இருந்தது.

“பாத்தீங்களா, எவ்வளவு சுத்தம். இந்த லெட்டரை நான் வாங்கினா முதல் பக்கத்துல முதல் வரில உங்களை எழுதணும். உங்களுக்கு முன்னாடி ஆயிரத்து நானூறு பேர் ஆடியிருக்காங்க. அவங்களெல்லாம் பந்தை நகர்த்தலைன்னா சொல்றீங்க?” என்றார். சொன்ன பிறகு அவரே தன் கேள்வியை ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்துவிட்டு, நோட்டை மூடினார்.

ஆனாலும் இன்ஸ்பெக்டர் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஏழு பேர் கொண்ட விசாரணைக் குழு போட வேண்டியதாயிற்று. குழு நாலு மாதம் விசாரித்தது. ஒருநாள் ஏழு பேரும் டேப்பும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு அந்த மரத்தடிக்குப் போனார்கள். வேர் ஆட்டத்துக்கு இடைஞ்சலாக இருப்பதாகக் கண்டறிந்து மறுநாளே வெட்டினார்கள். வெட்டிய பிறகு, பந்து ஒட்டிக் கிடந்ததாகச் சொல்லப்படும் வேர் சம்பவ இடத்தில் காணப்படவில்லை என்று குறிப்பு எழுதினார்கள்.

கடைசி அமர்வில் இன்ஸ்பெக்டரை நிற்க வைத்துக் கேட்டார்கள். ஷூ பந்தில் பட்டதா, பந்து ஷூவில் பட்டதா என்றார் ஒருவர். காற்று அடித்திருக்கலாமே என்றார் இன்னொருவர். சர்க்கரை டாக்டர் எழுந்து, நோயாளியைப் பற்றி வெளியே சொல்லக் கூடாதுதான் என்று தொடங்கி முழுவதையும் சொன்னார். சர்க்கரை இறங்கும்போது நடக்காதது நடந்த மாதிரி தோன்றுமாம். ஆனால் அதே வேளையில் அடித்த அந்த அடி மட்டும் உண்மையாக விழுந்ததுதான் என்றும் சான்று கொடுத்தார்.

நான்தானே சொல்கிறேன், என் கால்தானே பட்டது என்றார் இன்ஸ்பெக்டர்.

கேப்டன் அதற்காகத்தான் காத்திருந்ததுபோல முன்னால் சாய்ந்தார். “அங்கதான் சட்டச் சிக்கல். உங்களைத் தவிர சாட்சி கிடையாது. நீங்களோ, ஏமாத்தினேன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. ஏமாத்தினேன்னு சொல்ற ஆளோட வார்த்தையை நாங்க எப்படி நம்பறது?”

ஏழு பேரும் தலையாட்டினார்கள். பந்து நகரவில்லை என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. நகராத பந்தை நகர்ந்ததாகச் சொல்லும் அளவுக்கு மனசாட்சி உள்ள உறுப்பினரைப் பாராட்டி, ஆண்டு விழாவில் அவருக்கு நேர்மைக் கேடயம் கொடுப்பது என்று இரண்டாவது தீர்மானமும் நிறைவேறியது. கேடயம் அதற்குமுன் ஒன்பது முறை கொடுக்கப்பட்டிருந்தது. ஒன்பது முறையும் கேப்டனுக்கு.

வெளியே வந்தபோது தூரத்தில் டாக்டரம்மா தெரிந்தார். செவ்வாய்க்கிழமை, மணி ஒன்றரை. வெயிலில் தனியாக, பையைத் தானே இழுத்துக்கொண்டு ஒன்பதாவது குழியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். நிழலில் யாரும் இல்லை. இன்ஸ்பெக்டர் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஏன் ஒளிகிறோம் என்று தன்னையே கேட்டு, பதில் தெரிந்ததால் அந்தக் கேள்வியை அதோடு விட்டார்.

ராஜினாமா செய்துவிடலாம் என்று கிளப் ஆபீசுக்குள் போனார். அங்கே டைப் அடிக்கிற அம்மாள், கோப்பை ஜெயித்தவர் ஒரு வருடத்துக்கு விலக முடியாது என்று விதியை எடுத்துக் காட்டினார். கமிட்டி விலக்கத்தான் முடியும். விலக்கினால் கோப்பையும் உறுப்பினர் இடமும் இரண்டாவதாக வந்தவருக்குப் போகும். இதுவரை மூன்று பேரை விலக்கியிருக்கிறார்கள் என்றும், எல்லா ஃபைலையும் தானே அடித்ததாகவும் சொன்னார். ஒருவர் சாப்பாட்டு ஹாலில் தொப்பியைக் கழற்றவில்லை. ஒருவர் காலர் இல்லாத பனியனோடு உள்ளே வந்துவிட்டார். ஒருவர் கேப்டனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

“பந்தை நகர்த்தினதுக்கு?”

“அதுக்கு ஃபைலே கிடையாது சார்” என்றார் அந்த அம்மாள், வேலையிலிருந்து தலை தூக்காமல்.

ஆண்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு ஹாலில் நடந்தது. கேப்டன் நேர்மையைப் பற்றி இருபது நிமிடம் பேசிவிட்டு, அதன் உயிருள்ள வடிவத்தை மேடைக்கு அழைத்தார். உயிருள்ள வடிவம் காலர் இல்லாத பனியனும் தொப்பியுமாக வாசலில் வந்து நின்றது. மேடையேறி, கேப்டனை அவருடைய அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, வணக்கம் என்றது. மூன்றில் ஏதாவது ஒன்று தவறிப்போய்விடக் கூடாது என்று அவர் மூன்றையும் செய்தார்.

ஹாலில் ஸ்பூன் சத்தம்கூட நின்றது. ஒரு பெண்மணி கண்ணை மூடிக்கொண்டார். கமிட்டி மேடையிலேயே அவசரமாகக் கூடியது. நாலு மாதம் பந்தைப் பற்றி யோசித்தவர்களுக்குப் பனியனைப் பற்றி யோசிக்க நாலு நிமிடம் போதுமானதாக இருந்தது. எந்தக் காலத்திலும் கிளப்பின் கேட்டுக்குள் காலடி வைக்கக் கூடாது என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள்.

கேப்டனுக்குக் கண் கலங்கியிருந்தது. “ஏன் சார் இப்படிப் பண்ணினீங்க? பந்து நகர்ந்தா யாருக்குத் தெரியப்போகுது? காலர் இல்லாதது எல்லாருக்கும் தெரியுமே” என்றார்.

கோப்பையும் உறுப்பினர் இடமும் டாக்டரம்மாவுக்குப் போயின. விஷயம் முடிந்தது என்று இன்ஸ்பெக்டர் நினைத்தார். தூக்கம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலை அந்த அம்மாளின் ஆஸ்பத்திரிக்குப் போனார். மேஜைமேல் ஒரு சாம்பல் நிறப் பூனை இருந்தது. காதுக்கு மருந்து விட விடாமல் எல்லாரையும் பிராண்டிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் நின்றபடியே, வேர், ஷூ, இரண்டு விரற்கடை, தொண்ணூற்றைந்து என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். டாக்டரம்மா பூனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கோப்பையைக் கொண்டுவந்து குடுத்தாங்க. நீங்க பனியன் போட்டதால நான் ஜெயிச்சேன்னு சொன்னாங்க. வீட்டுல அவர் சிரிச்சு மாளல. இதை ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல?”

“கமிட்டில அப்பவே சொல்லிட்டேன்மா. எழுத்துலயே குடுத்தேன்.”

“தோத்தது கமிட்டியா, நானா?”

ஏழு பேரிடம் சொல்ல முடிந்தது, ஒரு ஹால் நிறைய ஜனத்தின் முன்னால் பனியனோடு நிற்க முடிந்தது இன்ஸ்பெக்டருக்கு. தோற்ற அந்த ஒரு ஆளிடம் நேரில் சொல்லத்தான் ஐந்தரை மாதமாயிற்று. ஐந்தரை மாதத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று மனசு எண்ணத் தொடங்கியது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் டாக்டரம்மா, பூனையைப் பின்னங்கழுத்தில் பிடிக்கச் சொன்னார். பிடித்தார். மணிக்கட்டில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. விடவில்லை.

“நாளைக்கு ஆறு மணிக்கு வீட்டுக்கு வாங்க” என்றார் டாக்டரம்மா மருந்தை விட்டுக்கொண்டே. “அவரை வண்டில ஏத்த ரெண்டு ஆள் வேணும். நான் ஒருத்தியே எத்தனை நாளைக்கு இழுக்கிறது?”

அப்படித்தான் அது ஆரம்பித்தது. ஞாயிறுதோறும் ஆறு மணிக்குப் போய், அந்த மனிதரைத் தோள் கொடுத்துக் காரில் ஏற்றி, கிளப் வாசலில் சக்கர நாற்காலியில் இறக்கி உட்கார வைப்பார். கேட்டுக்கு அடியில் வெள்ளைக் கோடு போட்டிருந்தது. அந்தக் கோடு வரை இன்ஸ்பெக்டர் தள்ளுவார். அங்கிருந்து காவலாளி வாங்கிக்கொள்வார். கணவனும் மனைவியும் திரும்பி வரும்வரை இன்ஸ்பெக்டர் வெளியே, வேலியை ஒட்டிய சாலையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருப்பார். கம்பிக்கு அந்தப்பக்கம் ஒன்பதாவது குழியும் நிழலும் தெரியும். அந்த இடம் வந்ததும் வேகமாக நடந்து கடப்பார்.

நாலாவது ஞாயிறு, கோட்டருகே காவலாளி வருவதற்காக நின்றுகொண்டிருந்தபோது, நாற்காலியில் இருந்தவர் கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தார். பேச வேண்டும் என்று முகத்தில் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் காத்திருந்தார்.

“அன்னிக்கு… நிஜமா… எத்தனை?”

இன்ஸ்பெக்டர் அந்த எண்ணை எங்கேயும் சொன்னதில்லை. கடிதத்தில்கூட, கூட்டிக்கொள்ள வேண்டியது இரண்டு என்று எழுதினாரே தவிர, கூட்டி எழுதவில்லை. கேட்டுக்கு உள்ளே யாரோ பந்தை அடிக்கிற சத்தம் கேட்டது.

“நூத்தியஞ்சு” என்றார்.

நாற்காலியில் இருந்தவர் அதை மனசுக்குள் போட்டு நிதானமாக யோசித்தார். ஆடியவர் யோசிக்கிற மாதிரி, ஒவ்வொரு குழியாக.

“முதல் வருஷத்துக்கு… நல்ல ஆட்டம்” என்றார்.

காவலாளி வந்து நாற்காலியை வாங்கிக்கொண்டார்.